ஆடிட்டர் போனை எடுப்பதில்லை. வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் மூன்று வருட ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) நகல்களை நானே எடுக்க முடியுமா? கம்பெனி வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாகச் சொந்தத் தொழில் செய்கிறேன்.

முடியும். யார் தாக்கல் செய்திருந்தாலும், ஆன்லைனில் போன கணக்குகள் எல்லாம் வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் உங்கள் பான் எண்ணின் கீழேயே இருக்கும். அங்கே கிடைக்காதது கம்ப்யூட்டேஷன், அதாவது வருமானமும் வரியும் எப்படி வந்தது என்று ஆடிட்டர் போட்டுத் தரும் கணக்கீட்டுத் தாள் மட்டும்தான். அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பலரும் முதலில் முட்டி நிற்கும் இடம் லாகின். தளத்தில் உங்கள் லாகினைத் திறந்தவர் ஆடிட்டர் என்றால் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் அவருடையதாக இருக்கும், ஓடிபி அவருக்குப் போகும். அதற்காக அவர் பின்னால் அலைய வேண்டாம். யூசர் ஐடி உங்கள் பான் எண்தான். ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ போய், ஆதாரில் பதிவான மொபைலுக்கு ஓடிபி வரும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஆதாரும் பானும் இணைந்திருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் உங்கள் வங்கியின் நெட்பேங்கிங் வழியாக உள்ளே போகும் வழியைப் பாருங்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக ‘மை ப்ரொஃபைல்’ பகுதியில் தொடர்பு விவரங்களை உங்கள் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றுங்கள். துறை அனுப்பும் நோட்டீஸ்கூட இத்தனை நாளும் உங்களுக்கு வராமல் இருந்திருக்கலாம்.

அடுத்து ‘ஈ-ஃபைல்’, அதில் ‘இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ்’, அதில் ‘வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்’. ஒவ்வொரு மதிப்பீட்டு ஆண்டுக்கும் தனிக் கட்டம் வரும். 2023-24இல் சம்பாதித்தது 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் இருக்கும். வங்கி எந்த ஆண்டைச் சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், இந்தக் குழப்பத்தில் ஒரு வருடம் விட்டுப்போவது சகஜம். ஒவ்வொரு ஆண்டுக்கும் மூன்று கோப்புகள் எடுங்கள்: ரசீது, முழுப் படிவம், 143(1) இன்டிமேஷன் (கணக்கைப் பரிசீலித்துத் துறை அனுப்பும் அறிவிப்பு). கடவுச்சொல் கேட்டால் பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கமாகச் சேருங்கள். 1984 மார்ச் 5 என்றால் 05031984. ஒரே ஆண்டுக்கு இரண்டு தாக்கல் இருந்தால் பிந்தையதுதான் திருத்திய கணக்கு, செல்லுபடியாவது அதுதான்.

ரசீதை எடுத்ததும் அதன் தலைப்பைப் படியுங்கள். சரிபார்ப்பு முடிந்த கணக்குக்கு ‘அக்னாலெட்ஜ்மென்ட்’ என்று தலைப்பு இருக்கும். பெங்களூரு மையத்துக்கு இதை அனுப்ப வேண்டாம் என்ற வரியும் கீழே இருக்கும். ‘வெரிஃபிகேஷன் ஃபார்ம்’ என்று தலைப்பு இருந்தால் தாக்கல் செய்த பிறகு அதை யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். 30 நாளுக்குள் சரிபார்க்காத கணக்கு சட்டப்படி தாக்கல் செய்யாததற்குச் சமம், வங்கியும் ஏற்காது. இந்த நிலையில் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் ‘கண்டொனேஷன்’ விண்ணப்பத்தை அதே தளத்தில் ‘சர்வீசஸ்’ பகுதியில் போடலாம். அனுமதி வந்த பிறகுதான் அந்த ஆண்டு கணக்கில் சேரும். ஆகவே கடன் விண்ணப்பத்துக்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ரசீதை மட்டும் கொடுத்துவிட்டு வருபவர்களுக்குக் கடன் தொகை குறைந்துபோவதும் உண்டு. ரசீதில் தெரிவது கழிவுகள் எல்லாம் போன பிறகு நிற்கும் மொத்த வருமானம். பழைய வரி முறையில் 7,50,000 சம்பாதித்து 80சி-யில் 1,50,000 கழித்தவருக்கு ரசீது 6,00,000 என்றுதான் காட்டும். எல்ஐசி, பிபிஎஃப் என்று அவர் சேமித்த பணம் வருமானத்திலிருந்து காணாமல் போனதுபோல் ஆகிவிடுகிறது. கழிவுக்கு முந்தைய தொகை முழுப் படிவத்திலும் கம்ப்யூட்டேஷனிலும்தான் இருக்கும். தொழில் கணக்கு எழுதி ஐடிஆர்-3 போட்டவர்களுக்குத் தேய்மானம் என்று கழித்த தொகையும் முக்கியம். கையிலிருந்து போகாத செலவு என்பதால் பல வங்கிகள் அதை லாபத்தோடு திரும்பச் சேர்த்துக்கொள்கின்றன.

கம்ப்யூட்டேஷனை வேறு எந்த ஆடிட்டரும் முழுப் படிவத்தை வைத்துத் தயாரித்துத் தர முடியும். சான்று, ஆடிட் அறிக்கை என்று அவர் கையெழுத்திட்டுத் தரும் எதிலும் 18 இலக்க யுடிஐஎன் (ஆடிட்டர் தரும் ஆவணத்துக்கான தனி அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கும்.

நீங்கள் கம்பெனியில் இருந்த ஆண்டுக்கு ஃபார்ம் 16, அதாவது சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்று கேட்பார்கள். அதை நீங்களே பதிவிறக்க முடியாது, பழைய கம்பெனிதான் தர வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஆண்டின் 26ஏஎஸ் (உங்கள் பான் எண்ணில் பிடிக்கப்பட்ட வரியின் பட்டியல்), சம்பளச் சீட்டு, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 26ஏஎஸ் அதே ‘இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ்’ பட்டியலில் இருக்கிறது, துறையின் டிடிஎஸ் தளமான டிரேசஸுக்குக் கொண்டுபோகும். மற்ற இரண்டு ஆண்டுகளுக்கும் அதை எடுத்து, உங்கள் வாடிக்கையாளர்கள் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்ததாகக் காட்டும் மொத்த வரவும் நீங்கள் காட்டிய வரவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 26ஏஎஸ்ஸில் 14 லட்சம், படிவத்தில் 11 லட்சம் என்றிருந்தால் வங்கி அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். ஜிஎஸ்டி கணக்கில் காட்டிய விற்றுமுதலும் அப்படியே.

இன்னொன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கணக்கு எழுதாமல் விற்றுமுதலில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் 44ஏடி பிரிவில் 40 லட்சம் விற்றுமுதலுக்கு டிஜிட்டல் வரவு என்று 6 சதவீதம் மட்டும் காட்டியிருந்தால், வங்கியின் கண்ணில் உங்கள் ஆண்டு வருமானம் 2,40,000. மாதம் 20,000. அதற்கு ஏற்ற தவணைக்குத்தான் கடன் கிடைக்கும். ஆலோசகர் போன்ற தொழில்முறையாளர்களுக்கான 44ஏடிஏ-வில் 20 லட்சம் வரவுக்குப் பாதி காட்டிய ஆலோசகருக்குப் 10 லட்சம். வங்கிக் கணக்கு ஓட்டத்தை வைத்துக் கடன் தரும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் வட்டி கூடுதல்.

ஏதாவது ஓர் ஆண்டு தாக்கலே ஆகாமல் இருந்தால், அந்த மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குப் போடலாம். கட்டணம் 5,000 ரூபாய், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. அதையும் தாண்டினால் ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த கணக்கு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அனுமதி உண்டு. கட்ட வேண்டிய வரிக்கும் வட்டிக்கும் மேல், முதல் 12 மாதத்தில் 25 சதவீதம் கூடுதல். பிறகு ஆண்டுக்கு ஆண்டு 50, 60, 70 என்று ஏறும். கடனுக்காகவே வருமானத்தை ஏற்றி இப்படிப் போடாதீர்கள். மூன்று ஆண்டும் ஒரே வாரத்தில் தாக்கலானது தேதியிலேயே தெரியும். கட்டிய வரியும் போய், கடனும் நிராகரிக்கப்படும்.

வங்கிக்குக் கொடுக்கும்போது தளத்திலிருந்து இறக்கிய பிடிஎஃப்-ஐயே அப்படியே அனுப்புங்கள். அச்சடித்து, ஸ்கேன் செய்து, வாட்ஸ்அப்பில் வந்த நகலைக் கொடுத்தால் அசல் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ரசீதில் உள்ள 15 இலக்க எண்ணையும் தனியாகக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். லாகின் இல்லாமலேயே அதை வைத்துக் கணக்கின் நிலையைப் பார்க்க முடியும்.