நோட்டீஸ் ஒட்டியும் தண்ணீர்ச் செலவு குறையவில்லையா?

கேள்வி: சென்னையில் 40 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு தாங்கவில்லை. லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினோம், வாட்ஸ்அப்பில் எழுதினோம், கூட்டம் போட்டோம், யாரும் மாறவில்லை. விழிப்புணர்வு முகாமை இலவசமாக நடத்தி, வீட்டுவாரியாகத் தண்ணீர்ச் செலவை அளந்து செயலியில் காட்டும் ஸ்மார்ட் மீட்டரும் பொருத்தித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– அசோசியேஷன் செயலாளர்

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அடுக்ககத்தில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதை நீங்கள் எழுதவே இல்லை. குடியிருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்று படிக்கிற ஒவ்வொருவரும் அதை எதிர்வீட்டுக்காரருக்கு எழுதியது என்றுதான் நினைத்துக்கொள்வார்.

சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டி) மாடித் தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒரே ஒரு சாதாரண மீட்டர் போடுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் வாட்ச்மேன் அளவைக் குறிக்கட்டும். நகரங்களுக்கு மத்திய அரசின் வழிகாட்டி அளவு ஆளுக்கு 135 லிட்டர். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் உங்களுக்கு நாளொன்றுக்கு 21,600 லிட்டர். பலகையில் இந்த எண்ணையும் நேற்றைய எண்ணையும் எழுதினால் போதும். வாசகம் எதுவும் வேண்டாம்.

எண் மிக அதிகமாக இருந்தால் ஆட்களைக் குறை சொல்வதற்கு முன் குழாய்களைப் பாருங்கள். நள்ளிரவில் மோட்டாரை நிறுத்தி மாடித் தொட்டியின் மட்டத்தைக் குறித்து, விடியற்காலை 4 மணிக்கு மீண்டும் பாருங்கள். ஊரே தூங்கும் நேரத்தில் மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் ஃப்ளஷ் டேங்காகத்தான் இருக்கும். அதில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, கால்மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருக்கச் சொல்லுங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் வாஷரை மாற்ற வேண்டும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 40 வீட்டையும் முடித்துவிடுவார்கள்.

இப்போது ஸ்மார்ட் மீட்டர். பழைய அடுக்ககங்களில் ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் மாடியிலிருந்து தனித்தனிக் குழாய் இறங்கும். அதாவது வீட்டுக்கு மூன்று, நான்கு மீட்டர். விற்பவர் ஒரு மீட்டரின் விலையைச் சொல்வார். நீங்கள் அதை ஒரு வீட்டின் விலை என்று எடுத்துக்கொள்வீர்கள். அதன் பிறகு செயலிக்கு மாதக் கட்டணம். நடுவில் ஒருவர் கமிஷன் வாங்குவதும் உண்டு. முகாம் இலவசம் என்பது இதற்கான தூண்டில்தான்.

ஒரே விதிவிலக்கு, வீட்டுக்கு ஒரே குழாய் வரும்படி கட்டப்பட்ட புதிய கட்டடம். அங்கே வீட்டுவாரி மீட்டர் உண்மையிலேயே பலன் தரும். அவரவர் செலவுக்கு அவரவர் கட்டும்போது பேச்சே தேவைப்படாது. ஆனால் ‘ஒரே குழாய்தான்’ என்று பில்டரோ விற்பவரோ சொல்வதை நம்ப வேண்டாம். மாடிக்கு ஏறி, தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களை நீங்களே எண்ணுங்கள். ஒரு வீட்டின் வால்வை மூடிவிட்டு, அந்த வீட்டின் எல்லாக் குழாய்களும் நிற்கின்றனவா என்று பாருங்கள். சமையலறையில் மட்டும் தண்ணீர் வந்தால் அது ஒரே குழாய் அல்ல.

லாரித் தண்ணீரையும் அளந்து வாங்குங்கள். சம்ப்பின் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர் என்றால் 12,000 லிட்டர் இறங்கியதும் மட்டம் சரியாக 1 மீட்டர் உயர வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு, கோடு போட்ட கம்பால் முன்னும் பின்னும் பாருங்கள். லாரிக்காரர் நீட்டும் சீட்டு அளவாகாது.

இதையெல்லாம் ஒரு செயலாளர் தனியாக நின்று செய்ய வேண்டியிருப்பது எனக்குக் கோபம் தருகிறது. சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டரே கிடையாது; ஆனால் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 வந்தால் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் பதாகையோடு நடக்க வைக்கிறார்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. நல்ல சட்டம். மழைநீர்க் குழி இருக்கிறதா என்று பார்த்தவர்கள், மாடித் தண்ணீர் அந்தக் குழிக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்கவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. அப்போது கூட்டம் கூட்டமாக விழித்துக்கொண்டவர்கள் அந்த ஆண்டு மழையோடு மறந்தும் போனார்கள்.

உங்கள் கட்டடத்திலும் ஒரு குழி இருக்கும். செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், குடியிருப்பவர்களைக் கூட்டிவைத்து மாடியில் சில வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் என்பதை அங்கேயே சொல்லுங்கள். ஊற்றியது குழிக்கு வரவில்லை என்றால் அன்றைக்கே பிளம்பரைக் கூப்பிட்டு அடைப்பை எடுத்துவிடுங்கள்.