கறையை மறைக்காதீர்கள்

கேள்வி: வீடு கட்டி 18 ஆண்டுகள் ஆகின்றன. படுக்கையறைக் கூரையில் ஈரக்கறை பரவுகிறது. பட்டி பார்த்து வர்ணம் அடித்தால் போதும் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. ஈரம் உள்ளேயே நின்றால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். என் தந்தை கட்டிய வீட்டில் அப்படித்தான் உள்ளங்கை அகலப் பூச்சு ஒன்று தொட்டிலுக்கு ஓரடி தள்ளி விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதலில் மரக்குச்சியின் நுனியால் கறையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலித்தால், கட்டிலை நகர்த்திவிட்டு உடனே பொறியாளரை அழையுங்கள். கெட்டியாக ஒலித்தால் மாடிக்கு ஏறுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தட்டோடுகளின் இடுக்கு, மழைநீர்க் குழாயின் வாய் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் வழி இருக்கும். குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டால் கீழே தெரிந்துவிடும்.

சுவரில் விரல் நீள அரசங்கன்று முளைத்திருந்தால் ஒடித்துப் போடாதீர்கள்; வேர் உள்ளே தங்கித் தடிக்கும். பூச்சைக் கொத்தி, வேரோடு எடுத்து, கலவை வைத்து அடைக்க வேண்டும்.

நாளை விற்க நேர்ந்தாலும், வாங்க வருபவர் அண்ணாந்து பார்ப்பது அந்தக் கறையைத்தான். ஐப்பசி மழைக்கு முன் மாடியைச் சரிசெய்யுங்கள். கூரை நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்டர் வரட்டும்.