கல்யாணத்துக்கு எந்த மேளம் பேசுவது?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "தை மாதம் மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் தெருவில் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலையில் ஏ.சி. மண்டபத்தில் முகூர்த்தம். நாதஸ்வரம் போதும் என்கிறார் அண்ணன். பிள்ளைகள் செண்டை மேளம் கேட்கிறார்கள். சம்பந்தி வீட்டில் நையாண்டி மேளமோ பேண்டு செட்டோ இருந்தால் கலகலப்பாக இருக்கும் என்கிறார்கள். எதில் என்னென்ன வாத்தியம், எத்தனை பேர் வருவார்கள், எதைப் பேசுவது?"

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகூர்த்தத்துக்கு நல்ல நாயன செட் ஒன்று. அதில் செலவைக் குறைக்க வேண்டாம். தெரு ஊர்வலத்துக்கு மட்டும், கையில் பணம் இருந்தால், நையாண்டியோ செண்டையோ வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அவற்றை மண்டபத்துக்குள் அழைத்துவர வேண்டாம். ஒவ்வொரு மேளமும் ஓர் இடத்துக்கும் ஒரு வேலைக்கும் என்று உருவானது. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாயன செட் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதி. சுருதிக்கு முன்பு ஒத்து என்ற விரல்துளை இல்லாத நீளக் குழலை ஒருவர் இடைவிடாமல் ஊதிக்கொண்டிருப்பார். இப்போது பெரும்பாலும் சுருதிப் பெட்டிதான். சிலர் "ஒரு நாயனம், ஒரு தவில், பாதிச் செலவு" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நாதஸ்வரம் மூச்சையும் உதட்டையும் ரொம்பக் கேட்கிற வாத்தியம். ஒருவர் ராகத்தை இழுக்கும்போது இன்னொருவர் மூச்சு வாங்கிக்கொள்வார், வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துச் சரிசெய்துகொள்வார். விடிகாலையிலிருந்து முகூர்த்தம் முடியும்வரை தனியாளாக வாசித்தால், தாலி கட்டுகிற நேரத்தில் அவர் களைத்துப் போயிருப்பார். தவிலும் அப்படித்தான். ஒரு பக்கம் வலந்தலை, விரல்களில் கூடு மாட்டி அடிப்பது. மறுபக்கம் தொப்பி, கட்டைக் கழியால் அடிப்பது. இரண்டு பேர் மாறி மாறி வாசித்தால்தான் கெட்டிமேளத்துக்குக் கையில் பலம் மிஞ்சும்.

பேசும்போது இன்னொன்று கேளுங்கள்: "எத்தனை கட்டை சுருதியில வாசிக்கிறீங்க?" கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதியும் ஏறும். நாதஸ்வரத்தில் திமிரி, பாரி என்று இரண்டு வகை உண்டு. திமிரி குட்டையானது, நாலு கட்டைக்கு மேல், தூரத்தில் இருப்பவருக்கும் கணீரென்று கேட்கும். பாரி நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டை, குரல் ஆழமாகவும் கனமாகவும் இருக்கும். இன்று கச்சேரி மேடையில் நாம் கேட்டுப் பழகிய குரல் பாரியுடையது. அதைப் பிரபலமாக்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவருக்காக அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் இன்றும் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். நன்றாகக் காய்ந்த பழைய மரமாக இருக்க வேண்டும் என்பதால் பழைய வீடுகளின் உத்தரங்களைத் தேடி வாங்குவார்கள். 2022இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏ.சி. மண்டபத்துக்கு என் யோசனை பாரிதான். மூடிய அறைக்குள் திமிரி காதைக் குத்தும்.

நையாண்டி மேளத்தை உங்கள் பக்கத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. அதிலும் நாயனமும் தவிலும்தான் முதுகெலும்பு. கூடவே பம்பை, உறுமி, தமுக்கு, தாளம் என்று ஊருக்கும் குழுவுக்கும் ஏற்ப சேரும். கரகாட்டத்துக்கும் காவடிக்கும் வாசித்து வளர்ந்த மேளம் அது. கால் தானாக ஆட வேண்டும் என்பதற்காகவே வாசிக்கப்படுவது. அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தவில்காரரின் வேகமும் கணக்கும் லேசுப்பட்டதல்ல. மாப்பிள்ளை அழைப்புக்குத் தெருவில் வைத்தால் உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அது சொந்த மேளமாக இருக்கும். செண்டைக்கும் நையாண்டிக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மதுரைத் தெருவுக்கு நான் நையாண்டியைத்தான் சொல்வேன்.

செண்டை மேளம் கேரளக் கோயில்களின் மேளம். முன்வரிசையில் உருட்டுச் செண்டை, பின்னால் தாளம் பிடிக்கும் வீக்கன் செண்டை, இலத்தாளம், வளைந்த கொம்பு, குழல். அதன் அழகு மெதுவாக ஏறுவதில் இருக்கிறது. அதில் ஒரு வகையான பஞ்சாரி மேளத்தில் ஐந்து காலங்கள், அதாவது ஐந்து வேகப் படிகள். முதல் காலத்தில் ஒரு தாளச் சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), பிறகு 48, 24, 12, கடைசியில் 6. முழுதாக வாசிக்க மணிக்கணக்கில் ஆகும். கல்யாண ஊர்வலத்தில் உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கடைசி வேகப் பகுதி மாதிரியான ஒரு துண்டுதான். பிள்ளைகள் ஆசைப்பட்டால் வையுங்கள், தப்பில்லை. ஆனால் ஆள் குறைந்தால் செண்டை எடுபடாது. நாலைந்து பேரை மட்டும் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேண்டு செட்டில் டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன், பேஸ் டிரம், சைடு டிரம் இருக்கும். சினிமாப் பாட்டு வேண்டுமானால் அது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நாதஸ்வரத்துக்குப் பதிலாக முகூர்த்தத்துக்கே சாக்ஸபோன் கச்சேரி வைக்கிற வழக்கமும் இருக்கிறது. கத்ரி கோபால்நாத் அந்த வாத்தியத்தில் கர்நாடக இசையை முழுமையாகக் கொண்டுவந்து காட்டினார். அது வரவேற்புக்குப் பொருத்தம். தாலி கட்டும்போது தவிலோடு நாயனம் இல்லாவிட்டால் எனக்கு அது முகூர்த்தமாகவே படாது.

இனி மண்டபத்து விஷயம். நாதஸ்வரம் கோயில் பிராகாரத்துக்கும் நாலு வீதிக்கும் கேட்க வேண்டிய வாத்தியம். கண்ணாடியும் டைல்ஸும் உள்ள மண்டபத்தில் அதை மைக்கில் போட்டு ஸ்பீக்கரில் ஏற்றினால், நாலாவது வரிசையில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. பிறகு "நாயனம்னாலே சத்தம்" என்ற பழி கலைஞர்கள் மேல் விழும். தவிலுக்கு மைக் வேண்டவே வேண்டாம். மண்டபம் ரொம்பப் பெரிதாக இருந்தால் நாயனத்துக்கு மட்டும் லேசாக வைக்கச் சொல்லுங்கள். மணமேடைக்கு ஓரமாக ஒரு தனி மேடை போட்டு, பெரியவர்கள் உட்காரும் முதல் வரிசைக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் திருப்பி உட்கார வையுங்கள்.

என்ன வாசிப்பது என்பதை அவர்களிடமே விடுங்கள். ஊஞ்சலுக்கும் லாலிக்கும் எந்த ராகம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் நீங்களாகக் கேளுங்கள்: முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அரை மணி நேரம் தோடியோ காம்போதியோ விரிவாக வாசிக்கச் சொல்லுங்கள். கேட்கிறவர் இருக்கிறார் என்று தெரிந்தால் மறுநாள் அவர்கள் வாசிக்கிற விதமே மாறிவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே எத்தனை பேர், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, போக்குவரத்து யார் பொறுப்பு, ராத்திரி தங்க எங்கே இடம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். விடிகாலையிலேயே வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போடுங்கள். அப்புறம், கெட்டிமேளத்துக்குக் கை காட்ட ஒரே ஒருவரை நியமியுங்கள், அவர் யார் என்று தவில்காரரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். மேடையைச் சுற்றி போட்டோக்காரர்கள் நின்று மறைத்தால், நாயனக்காரருக்குத் தாலி ஏறுவது கண்ணுக்குத் தெரியாது.