சனீஸ்வரனிடம் போய்விட்டுத் திரும்பும்போது பையில் என்ன இருக்கலாம்?

காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கியபின், வன்னியிலிருந்து இந்தியாவுக்குத் தலயாத்திரை போகிறவர்கள் கோயிலைவிடப் போத்தலைப் பற்றித்தான் கூடக் கேட்கிறார்கள். குழு கூட்டிக்கொண்டு போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கிளிநொச்சித் தம்பி: அண்ணை, திருநள்ளாறு போகிறோம். அங்கே சாராயம் மலிவாம். ரெண்டு போத்தல் வாங்கித் திருச்சிக்குக் கொண்டுபோகலாமோ? பில் இருக்குமே.

பதில்: பில் காசு கொடுத்ததற்குத்தான் சாட்சி. திருநள்ளாறு இருப்பது காரைக்காலில். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் துண்டு, தரைப்பக்கமெல்லாம் தமிழ்நாடு. வரி வேறு, அதனால்தான் விலையும் வேறு. நாகூர்ப் பக்கம் திரும்பினால் வாஞ்சூரில் எல்லை. கும்பகோணம் பக்கம் போனாலும் எங்கேயோ ஓர் எல்லை வரும். காரைக்காலில் வாங்கிய சாராயம் அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் வந்தால், 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம். போனமுறை எங்கள் வான்காரர், பைகளை எல்லாம் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அது அவருடைய சோறு. சனி தோஷம் கழிக்கப் போய் வழக்கோடு திரும்புவதா?

முல்லைத்தீவு அக்கா: திருச்சியில் இருக்கிற மாமாவுக்கு எங்கட பனங்கள்ளு கொஞ்சம்?

பதில்: வேண்டாம் அக்கா. தவறணையில் நாங்கள் சாதாரணமாக வாங்குகிற கள்ளுக்குத் தமிழ்நாட்டில் 1987இலிருந்து தடை. இத்தனை பனை நிற்கிற நாட்டில் இது எனக்கு விளங்காத சட்டம், ஆனாலும் சட்டம். கள்ளு வழியிலேயே பொங்கி மூடியையும் தள்ளிவிடும். பனங்கட்டியும் புழுக்கொடியலும் கொண்டுபோங்கள், மாமா அழுதுவிடுவார்.

வவுனியா ஐயா: காசி முடித்துக் கயாவில் பிண்டம் போடவேணும். மச்சானுக்கு இரவில் கொஞ்சம் தேவை.

பதில்: காசி உத்தரப் பிரதேசம், அங்கே கடை உண்டு. கயா பீகார். அங்கே 2016 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு. காசியில் குடித்துவிட்டுப் போதையோடு பீகாரில் இறங்கினாலும் பிடிக்கலாம். முதல்முறை பிடிபட்டவரை அபராதத்தோடு விடும் வழி 2022 திருத்தத்தில் வந்தது, ஆனால் அது குடித்தவருக்கு. போத்தல் வைத்திருப்பவருக்கு அல்ல. சுங்கத்தில் ஒருவருக்கு 2 லீற்றர் விடுவார்களே என்று மச்சான் சொல்லுவார். அது இந்தியாவுக்குள் வரும்போது வரி இல்லை என்ற கணக்கு மட்டும். பீகார்க்காரனுக்கு அது செல்லாது. பிதிர்க்கடன் முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

மாங்குளம்: மகனுக்கு 19. அவன் குடிக்கலாமோ?

பதில்: புதுச்சேரியில் வயது 18, தமிழ்நாட்டில் 21, எங்கள் நாட்டிலும் 21. மிச்சம் உங்கள் வீட்டு விஷயம்.

துணுக்காய்: சிகரெட்?

பதில்: இந்தியாவுக்குள் போகும்போது 100 வரை வரியில்லை. மின்சிகரெட் ஒன்றுகூட வேண்டாம், 2019இலிருந்து இந்தியாவில் தடை. சற்றலைட் போனும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

புதுக்குடியிருப்பு அம்மா: பையெல்லாம் கிளறுவார்களோ?

பதில்: சில நாள் கிளறுவார்கள், சில நாள் இல்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பொதி அவிழ்த்துக் காட்டிப் பழகிய உங்களுக்கு இது பெரிய விஷயமில்லை அம்மா. பூட்டுச் சாவியையும் குளிசைக்கு வைத்தியர் எழுதின துண்டையும் கைப்பையில் வையுங்கள்.