முதல் வருடம் ஹாஸ்டலில் தம்பி ஒட்டவே இல்லை, எப்படித் தைரியம் சொல்வது?

தம்பி சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, தினமும் போன் போட்டு 'வந்துடறேன்க்கா' என்கிறான், எப்படித் தைரியம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் சிலர் காலையில் எழுந்து தியானம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் 'ஆம்பளப் பையன், நாலு நாள்ல சரியாயிடுவான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், ராகிங் ஏதாவது நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். நேராகக் கேட்டால் 'இல்ல' என்றுதான் வரும். சாயங்காலம் எங்கே போகிறான், ரூமுக்கு யார் யார் வருகிறார்கள் என்று சுற்றி வளைத்துக் கேளுங்கள். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதற்கடுத்த வருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) இலவச உதவி எண் 1800-180-5522. அப்படி ஏதாவது இருந்தால் என் கதையைப் படித்துக்கொண்டிருக்காமல் அங்கே கூப்பிடுங்கள். இல்லை என்றால் மேலே படிக்கலாம்.

நான் 2013 பேட்ச். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கிராமம், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், வீட்டில் முதல் பட்டதாரி. ப்ளஸ் டூவில் கணக்கு 200-க்கு 187. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். தெருவில் பத்தாவது படிக்கிற பிள்ளைகள் கணக்குக் கேட்க எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும். அந்த 187-ஐ நம்பித்தான் அப்பா என்னைச் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்த்துவிட்டார். கல்லூரிப் பெயர் வேண்டாம்.

முதல் வாரம் எம்-1 வகுப்பு, அதாவது முதல் செமஸ்டர் கணக்கு. மேடம் போர்டில் ஓர் அணியை (மேட்ரிக்ஸ்) எழுதி 'ஃபைண்ட் த ரேங்க்' என்றார். எனக்குத் தெரிந்த ரேங்க், ரேங்க் கார்டில் வருகிற ரேங்க்தான். எண்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கச் சொல்கிறாரோ என்று நிஜமாகவே நினைத்தேன். பக்கத்தில் இருந்தவன் மூன்று வரியில் முடித்துவிட்டுப் பேனாவைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் நோட்டை எட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது, இது நம்முடைய 'அணியின் தரம்'. ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் முதல் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். ஆனால் அதற்குள் போர்டை அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள்.

இப்படித் தினமும் ஐந்தாறு நடக்கும். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. தெரிந்ததே தெரியாததாக ஆகிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? கல்லூரிக்குள்ளேயே வைக்கிற முதல் இன்டர்னல் தேர்வில் 100-க்கு 19. அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு 'வந்துடறேன்ப்பா' என்றேன். அவர் 'எல்லாரும் படிக்கலையாடா' என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டுக்கு நான் போன் செய்யவில்லை. அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அவர் கல்லூரி வாசலையே மிதிக்காதவர், அவருக்குத் தெரிந்த தைரியம் அதுதான். ஆனால் தைரியம் சொன்னால் பையன் பேசுவதை நிறுத்திவிடுவான் என்பதை அனுபவித்தவன் சொல்கிறேன். உங்கள் தம்பி தினமும் போன் போடுகிறான் இல்லையா, அது நல்ல செய்தி. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

எங்கள் ரூமில் மூன்று பேர். அதில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் போனே போடமாட்டான். அமைதியானவன், மெஸ்ஸுக்கு எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு தனியாகப் போவான். நாங்கள் அவன் திமிர் பிடித்தவன் என்று நினைத்தோம். முதல் இன்டர்னல் முடிந்த வெள்ளிக்கிழமை நாங்கள் லேபிலிருந்து வந்தபோது அவன் கட்டில் காலியாக இருந்தது. பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டான், திரும்பி வரவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு நீல பக்கெட்டை விட்டுவிட்டுப் போயிருந்தான். நான்கு வருடமும் அதில்தான் குளித்தேன். அவனை யாராவது ஒருநாள் கூடச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தால் இருந்திருப்பான் என்று என்னால் சொல்ல முடியாது. கூப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். அதனால்தான் 'நாலு நாள்ல சரியாயிடுவான்' என்று யாராவது சொன்னால் எனக்கு எரிகிறது.

எனக்கு எப்படிச் சரியானது என்று சொல்கிறேன். சீனியர்கள் உதவியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். ராகிங் பயத்தில் முதல் வருடத்துக்குத் தனி ஹாஸ்டல், தனி மெஸ் நேரம் என்று சீனியரே கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். அது சரியான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அடிக்கிற சீனியரோடு சேர்த்து, 'இந்த யூனிட்டை விட்டுடு, அதைப் படி' என்று சொல்கிற சீனியரையும் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

எனக்கு ஆள் கிடைத்தது கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில். முதல் வருட மெக்கானிக்கல் பையனைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், தோளில் டிராயிங் கருவியான டிராஃப்டரின் கன்டெய்னர் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் 'ஃபர்ஸ்ட் இயரா' என்றார். நான் விறைத்துப்போய் 'ஆமா சார்' என்றேன். 'சார்லாம் வேணாம்டா தம்பி, நானே இங்க வந்து ஒரு மாசம்தான் ஆகுது' என்று சிரித்தார்.

அவர் லேட்டரல் என்ட்ரி. தருமபுரிப் பக்கம், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர். லேட்டரல் பிள்ளைகளின் கஷ்டம் தனி. பெயருக்கு சீனியர், ஆனால் கல்லூரியில் ஒருவரையும் தெரியாது. அதைவிடப் பெரிய கஷ்டம், எம்-1, எம்-2 இரண்டையும் படிக்காமல் நேராக எம்-3-இல் போய் விழுவார்கள். அவர் கையில் ஃபூரியர் சீரிஸ் நோட்டு இருந்தது. ஜெராக்ஸ் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கணக்கிலும் தொகையிடலை (இன்டக்ரேஷன்) மூன்று மூன்று தடவை நீட்டி நீட்டிப் போட்டு, நடுவில் குறியை மாற்றித் தப்பு விட்டிருந்தார். 'அண்ணா, இதுக்கு பெர்னோலி சூத்திரம் போட்டா ஒரே வரில வந்துடும்' என்றேன். பள்ளியிலேயே படித்ததுதான். அவர் நோட்டைத் திருப்பி என்னிடம் கொடுத்து, 'போட்டுக் காட்டு' என்றார். ஜெராக்ஸ் கடை மேஜையில் நின்றபடி நான்கு கணக்குப் போட்டேன், தமிழிலேயே சொல்லிக்கொண்டு. அந்த ஊருக்கு வந்து ஒன்றரை மாதத்தில் அன்றைக்குத்தான் நான் சத்தமாகப் பேசினேன்.

அப்புறம் வாரம் மூன்று நாள் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்வோம். நான் அவருக்குத் தொகையிடல் சொல்லித் தருவேன். அவர் எனக்கு டிராயிங். ஷீட்டின் அடிக்கோட்டோடு ஸ்கேலைப் பொருத்திவிட்டு அப்புறம் டிராஃப்டரை முடுக்க வேண்டும், நான் அதுவரை முடுக்கிவிட்டுப் பொருத்திக்கொண்டிருந்தேன். அதனால்தான் என் கோடெல்லாம் சாய்ந்து கிடந்தது. எம்-1-க்கு ஒரு வழி சொன்னார். ப்ளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தை ஊரிலிருந்து வரவழைத்து, இந்தப் பக்கம் தமிழ்ச் சொல், அந்தப் பக்கம் இங்கிலீஷ் சொல் என்று 40 பக்க நோட்டில் எழுதச் சொன்னார். தரம், ரேங்க். நேர்மாறு, இன்வெர்ஸ். அணிக்கோவை, டிட்டர்மினன்ட். பாலிடெக்னிக்கில் அவரும் அப்படித்தான் தேறினாராம்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். எம்-3-இல் அவர் முதல் தடவையே பாஸ். எனக்கு எம்-1-இல் 'யு' விழுந்தது. வாத்தியார் ஃபெயில், மாணவன் பாஸ் என்று டீக்கடையில் ஒரு மாதம் ஓட்டினார்கள். அடுத்த செமஸ்டரில் அந்த அரியரை எழுதி முடித்தேன். ஆனால் அந்த 'யு'வைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நீங்கள் 'அவனுக்கு என்ன உதவி வேணும்' என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டு, அவனால் அங்கே யாருக்கு என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். போன் ரிப்பேர் பார்ப்பானா, நன்றாகப் படம் வரைவானா, கேரம் ஆடுவானா, எதுவாகவும் இருக்கட்டும். ஊரில் அவனைத் தேடி யாராவது எதற்காகவாவது வந்திருப்பார்கள். அங்கே அவனை யாரும் தேடவில்லை. என் விஷயத்தில் குறைந்தது அதுதான். எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடே இறங்கவில்லை, எதைப் பேசினாலும் அழுகை என்றால் மருத்துவரிடம்தான் போக வேண்டும், டீக்கடைக்கு இல்லை.

டீக்கடை என்றதும் காசு ஞாபகம் வருகிறது. ஒட்டாமல் இருப்பதற்குக் காசும் ஒரு காரணம், இதை யாருமே எழுதவில்லை. நான்கு பேர் டீக்குப் போனால் ஒருநாள் நாமும் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவன் 'எனக்கு டீ பழக்கம் இல்ல' என்று ரூமிலேயே இருந்துவிடுவான். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் தம்பி ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், 2024-இலிருந்து இருக்கிறது. வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதைப் பத்திரப்படுத்தச் சொல்லாதீர்கள், செலவு செய்யட்டும்.

எங்களிடம் சேரும்போது காஷன் டெபாசிட் என்று 5,000 வாங்கினார்கள். அம்மா தோட்டை அடகு வைத்துக் கட்டியது. 2017-இல் முடித்துவிட்டு வரும்போது நோ டியூஸ் ஃபாரத்தில் நூலகம், லேப், மெஸ், விளையாட்டு அறை என்று பதினொரு கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். நான்கு வருடத்தில் விளையாட்டு அறைக்கு நான் போனதே அந்தக் கையெழுத்துக்காகத்தான். செக் வீட்டுக்கு வரும் என்றார்கள். தோட்டை மீட்டாயிற்று, எனக்குக் கல்யாணமும் ஆயிற்று, செக் வரவில்லை. உங்கள் தம்பியிடம் கட்டிய ரசீதை எல்லாம் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

போனில் பேசும்போது மார்க் கேட்காதீர்கள். 'சாப்பிட்டியா' என்பதற்கும் 'ம்' தவிர வேறு பதில் வராது. 'யார் கூட சாப்ட்ட' என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால், அடுத்த வாரம் அந்தப் பெயரை வைத்துக் கேளுங்கள். ஊருக்கு வருகிறேன் என்றால் தடுக்க வேண்டாம், எந்த வெள்ளிக்கிழமை, எந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிற பஸ் என்பதை மட்டும் முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். வகுப்பு 75 சதவீத வருகைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அங்கே சிக்கினால் பரீட்சையே எழுத விடமாட்டார்கள்.

அவன் தமிழ் மீடியமா என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்குக்கு 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்று பெயர். எங்கள் காலத்தில் இன்டர்னல் மதிப்பெண் 100-க்கு 20, அதில் 40, அதனால் கொஞ்சம் மூச்சு விடலாம். தன்னாட்சிக் கல்லூரி, அல்லது அதற்குப் பிறகு வந்த பாடத்திட்டம் என்றால் இதெல்லாம் மாறும். 2021 பாடத்திட்டத்தில் முதல் யூனிட் அணிதான். என்னுடைய 40 பக்க நோட்டு அட்டை கிழிந்து இருக்கிறது, வேண்டுமென்றால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அவனையே போன் பண்ணச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டாம், அந்தத் தருமபுரி அண்ணன் குடும்பத்தோடு வீட்டுக்கு வருகிறார்.