பாயில் விதி: வாசகர்களின் சந்தேகங்கள்

கேள்வி: அழுத்தம் கூடினால் கன அளவு குறையும் என்கிறது பாயில் விதி. சைக்கிள் டியூபில் காற்றடித்தால் அழுத்தமும் ஏறுகிறது, டியூபும் உப்புகிறதே?

பதில்: பம்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று உள்ளே போகிறது. வாயுவின் அளவும் வெப்பநிலையும் மாறாமல் இருந்தால்தான் பாயில் விதி செல்லும். பலரும் விதியை மனப்பாடம் செய்துவிட்டு இந்த நிபந்தனையைக் கோட்டை விடுகிறார்கள்.

விதியை நேரில் பார்க்க, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, 10 மில்லி வரை காற்றை இழுத்து, முனையை விரலால் இறுக்கி மூடி, மெதுவாக அழுத்துங்கள். 8 மில்லிக்குச் சுலபமாக வந்துவிடும், உள்ளே 1.25 வளிமண்டல அழுத்தம்தான், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் 1.25 மடங்கு. 5 மில்லியில் அது 2. 2.5 மில்லிக்குக் கொண்டுபோக 4 வேண்டும். அதற்குள் முனை வழியாகக் காற்று கசிந்துவிடும், கட்டை விரலும் வலிக்கும். வேகமாக அழுத்தினால் காற்று சூடேறிக் கணக்கு பிசகும் என்பதால்தான் மெதுவாக என்றேன்.

கேள்வி: பாயில் விதிக் கணக்கில் செல்சியஸைக் கெல்வினாக மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். வெப்பநிலை மாறாததால் அது கணக்கிலேயே வராது. வெப்பநிலையோடு கன அளவு எப்படி மாறும் என்று சொல்லும் சார்லஸ் விதி என்றால் கட்டாயம் மாற்ற வேண்டும்.

கேள்வி: டயர் கேஜ் (அழுத்தமானி) காட்டும் 32 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) அப்படியே சமன்பாட்டில் போடலாமா?

பதில்: கூடாது. வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான் கேஜ் காட்டும். வளிமண்டலத்தின் 14.7ஐயும் சேர்த்து 46.7 என்று போடுங்கள். பஞ்சரான டயரில் கேஜ் பூஜ்யம் காட்டும். அதற்காக உள்ளே காற்றே இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: கருவிகள் அதிகம் இல்லாத காலத்தில் பாயில் இதை எப்படி அளந்தார்?

பதில்: ஒரு பக்கம் மூடிய, 'ஜே' வடிவக் கண்ணாடிக் குழாயும் பாதரசமும் போதுமாக இருந்தன. திறந்த பக்கம் பாதரசம் ஊற்ற ஊற்ற, மூடிய பக்கக் காற்று சுருங்கியது. இரு பக்க மட்டங்களின் வித்தியாசம் சுமார் 29 அங்குலம் ஆனபோது காற்று பாதியாகிவிட்டது. 29 அங்குலப் பாதரசம் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். ஏற்கெனவே இருந்த ஒன்றோடு சேர்ந்து இரண்டு. குழாய் நீளமாக இருந்ததால் அறைக்குள் வைக்க முடியாமல் மாடிப்படியில் நிறுத்தினார்கள். 1662இல் முடிவை வெளியிட்டபோது, இந்த யோசனை ரிச்சர்ட் டவுன்லியுடையது என்று பாயிலே எழுதினார். பிரான்சில் இதை அந்நாட்டு விஞ்ஞானி மரியாட் பெயரிலும் சொல்வார்கள்.

கேள்வி: சமையல் கேஸ் தீரத் தீர சிலிண்டரில் அழுத்தம் குறைந்துகொண்டே வருமா?

பதில்: வராது. இங்கே பாயிலுக்கு வேலையில்லை. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். மேலிருக்கும் வாயு வெளியேறினால் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். அழுத்தம் பெரும்பாலும் வெப்பநிலையைப் பொறுத்தது. திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகே மளமளவென்று இறங்கும். ஆகவே 14.2 கிலோவில் மீதி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், சிலிண்டரைத் தராசில்தான் ஏற்ற வேண்டும்.