ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது, ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதே?

உங்களுக்கு 38 வயது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. நுரையீரல் கெட்டுவிட்டதோ என்று பயந்து ஆக்சிஜன் கேன் வாங்கலாமா என்று கடிதத்தில் கேட்கிறீர்கள். வேண்டாம். பணத்துக்குத்தான் கேடு.

யூடியூப் பார்த்து நீங்கள் எழுதிய நகத்து வெள்ளைப் புள்ளி, அடிக்கடி கொட்டாவி, இரண்டையும் மறந்துவிடுங்கள். ஒருநாள் மட்டும் 94 காட்டியது என்கிறீர்கள். அன்று விரலில் மருதாணி இருந்தது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாயம் கருவியை ஏமாற்றியிருக்கலாம்.

என்னை நிறுத்தியது கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள்தான். மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் போகிறது. சமைக்கும்போது பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடியவில்லை. யூடியூபில் இத்தனை பார்த்த நீங்கள் இதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்! இரும்புச்சத்து குறைந்தவர்கள் பலருக்கு இந்த அரிசி ஆசை வரும்.

சரி, ரத்தம் குறைந்திருந்தால் கருவி காட்டாதா? காட்டாது. அது விரல் வழியாக ஒளியைச் செலுத்தி, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், இருக்கிற அளவில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஓடுகிற பஸ்ஸில் எல்லாம் சீட் நிறைந்திருக்கிறது. ஆனால் 17 பஸ் ஓட வேண்டிய ரூட்டில் 9தான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் ஏறக்குறைய அதுதான். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி ரத்தத்தில் 13 கிராம் ஹீமோகுளோபின் இருப்பவருக்கு அதில் சுமார் 17 மில்லி ஆக்சிஜன். 7 கிராம் இருப்பவருக்கு 9தான். இருவர் விரலிலும் 98 வரும். நிரம்பிய சீட்டில் கேன் ஆக்சிஜன் எங்கே போய் உட்காரும்?

மாடி ஏறும்போது கால் தசையின் செல்கள் கூடுதலாகக் கேட்கும். இருக்கிற பஸ்ஸையே அதிக டிரிப் அடிக்கவைக்க இதயம் வேகமாகத் துடிக்கிறது. உங்கள் படபடப்பு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த வாரமே ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையும், உடலின் இரும்பு இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் பரிசோதனையும் பாருங்கள். மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுங்கள். ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. பீட்ரூட் சாறு சிவப்பாக இருப்பதாலேயே ரத்தம் ஊறிவிடாது. மருந்துக்கடையில் நீங்களாகவே இரும்பு மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு போன்ற வேறு காரணம் இருந்தால் அது வேண்டாத சுமை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, அன்றே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயம் ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது என்று பொருளாக இருக்கலாம். கருவி அப்போதும் 98 காட்டலாம், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், போட்ட கையோடு காபி, டீ குடிக்காதீர்கள். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சில மாதம் தொடர வேண்டியிருக்கும். அப்புறம், மலம் கருப்பாகப் போகும். அது மாத்திரையின் வேலைதான். அதற்கு இன்னொரு கடிதம் வேண்டாம்.